எலியை அடித்தால் காய்ச்சல் போகுமா?

போன கார்த்திகையில் என் வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளிமலையில் அது காய்ச்சல் காலம்தான். ஐப்பசி மழை விட்டு, பனி இறங்கத் தொடங்கியிருக்கும். கேழ்வரகு அறுப்பு ஒரு பக்கம், மரவள்ளிக் காட்டில் களை ஒரு பக்கம். தலை பிளக்குது, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது என்று படுத்துவிட்டார்.

முதல் மூன்று நாள் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தேன். இந்த இதழைப் படிக்கிற பலரும் அதைத்தான் செய்திருப்பீர்கள். பத்து வருசமாக எங்கள் நிலத்தில் ரசாயன உரம் கிடையாது, பூச்சிக்கொல்லி கிடையாது. வீட்டிலும் மாத்திரை அதிகம் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாலாம் நாள் மலையை விட்டு இறங்கி, கீழே ஒரு கிளினிக்கில் காட்டினோம். டைபாய்டாக இருக்கும் என்று ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் அசையவில்லை. ஏழாம் நாள் ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. பேச்சும் முன்னுக்குப் பின் முரணாக வந்தது. எப்பவோ செத்துப்போன எங்க அத்தையைக் கூப்பிட்டு, "அடுப்புல உலை வச்சாச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. 108-க்குப் போன் போட்டு, மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு குலுங்கியபடி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே பணியில் இருந்தது ஒரு இளம் பெண் மருத்துவர். ரத்தம் எடுக்கச் சொல்வதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பார்க்கிறீங்க? எந்த ஊரு?"

"கல்வராயன் மலைங்க. விவசாயம்."

உடனே செவிலியரைக் கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, தலையிலிருந்து கால் வரை பார்த்தார்கள். இடுப்பில், பாவாடை நாடா முடிச்சு அழுத்தும் இடத்துக்குக் கீழே, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. அரிப்பு இல்லை, வலி இல்லை. வீட்டம்மாவுக்கே அது இருப்பது தெரியாது.

"ஸ்க்ரப் டைபஸ். நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல்னு சொல்வாங்க" என்றார் மருத்துவர். டாக்ஸிசைக்ளின் மருந்தை அன்று ராத்திரியே தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

வரும் வழியெல்லாம் என் மனசில் ஒரே கேள்வி. இது எங்கிருந்து வந்தது? "எலிதான் காரணம்" என்று மருத்துவமனையில் ஒருவர் சொன்னார். பக்கத்துக் காட்டுத் தம்பி, "அண்ணே, நீங்கதான் புல்லு, பூண்டு, புதருன்னு எல்லாத்தையும் வளர விடுறீங்களே" என்று சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் எனக்குத் தைத்தது. அதனால் தேடிப் படித்தேன், மருத்துவர்களிடம் கேட்டேன். புரிந்ததை நம் உழவர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பட்டுப்பூச்சியின் உறவுக்காரி

உண்ணிக் காய்ச்சல் என்றதும் மாட்டுக் காதில் ஒட்டியிருக்கும் உண்ணிதான் நமக்கு நினைவுக்கு வரும். அது இல்லை. முதல் மழைக்குப் பிறகு மண்ணில் செக்கச்செவேல் என்று வெல்வெட் துணி மாதிரி ஊர்ந்து போகுமே, பிள்ளைகள் தீப்பெட்டியில் பிடித்து வைக்கும் பட்டுப்பூச்சி, அதன் உறவுக்காரி இது. மரவள்ளி இலையை வெளுக்கவைக்கும் செஞ்சிலந்தியும் இதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் நோய் பரப்பும் இந்தச் சிலந்திப்பேனின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். நம் பகுதியில் இதில் முக்கியமான இனத்துக்கு லெப்டோட்ராம்பிடியம் டெலியென்ஸ் என்று பெயர்.

வளர்ந்த பூச்சிக்கு எட்டுக் கால். அது மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, சின்னப் பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்று கிடக்கும். நம்மைத் தொடுவதில்லை. ஆறு கால் உள்ள குஞ்சுப் பருவம் மட்டும்தான் வெதுவெதுப்பான உடம்பைத் தேடும். புல் நுனியிலும் காய்ந்த இலையிலும் கூட்டமாக ஏறி உட்கார்ந்து, ஏதாவது உயிர் உரசிக்கொண்டு போகுமா என்று காத்திருக்கும். அந்த வழியாகப் பெரும்பாலும் போவது எலிதான். வயல் எலி, வெள்ளெலி, புல் எலி, பெருச்சாளி எல்லாமே. மூஞ்சூறும் உண்டு. மூஞ்சூறு எலி இனமே அல்ல என்றாலும், தென்னிந்தியாவில் பிடித்துப் பார்த்த இடங்களில் இந்தக் குஞ்சுகளை அதிகம் சுமந்தவற்றில் அதுவும் ஒன்று. எலி பிடிக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள்: சில எலிகளின் காதுக்குள் ஆரஞ்சுத் தூள் அப்பின மாதிரி இருக்கும். அந்தத் தூள் முழுக்க இந்தக் குஞ்சுகள்தான்.

எலி போகும் வழியில் நாம் உட்கார்ந்தால் நம்மேல் ஏறும். ஏறியதும் கடிக்காது. தோல் மெல்லிசாக உள்ள இடம், துணி இறுக்கும் இடம் தேடி ஊரும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பு, காதுக்குப் பின்புறம். அங்கே ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் தின்னும். ரத்தம் குடிப்பதில்லை, எச்சிலால் தோலின் திசுவைக் கரைத்து, அந்தச் சாற்றைத்தான் உறிஞ்சும். அந்த எச்சிலோடு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போகிறது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். கடித்த இடம் செத்துக் கறுத்துப் பொருக்காகும். எல்லோருக்கும் பொருக்கு வருவதில்லை. வந்தாலும் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரே ஒரு முறை கடிக்கும் பூச்சி

இங்கேதான் எனக்கு ஒரு புதிர் வந்தது. கொசு ஒருத்தரைக் கடித்துக் கிருமியை எடுத்து, அடுத்தவரைக் கடித்துக் கொடுக்கிறது. இந்தச் சிலந்திப்பேனோ வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கடிக்கிறது. எலியைக் கடித்த குஞ்சு அத்தோடு மண்ணுக்குள் போய்விடும். பிறகு நம்மைக் கடிக்க வராது. அப்படியானால் எலியிடமிருந்து நமக்குக் கிருமி எப்படி வருகிறது?

பெரும்பாலும் எலியிடமிருந்து வரவே இல்லை என்பதுதான் விடை. கிருமி உள்ள தாய்ப்பூச்சி இடும் முட்டையிலேயே கிருமி இருக்கிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு பிறக்கும்போதே அதைச் சுமந்து பிறக்கிறது. அது எலியைக் கடித்தாலும் நம்மைக் கடித்தாலும், அம்மா கொடுத்ததைத்தான் கொடுக்கிறது. எலிக்கும் கிருமி ஏறும். ஆனால் எலியிடமிருந்து திரும்ப ஒரு பூச்சிக்கு ஏறி, அது தன் பிள்ளைகளுக்கும் தருவது அபூர்வம்.

கோமுகி அணையை நினைத்துக்கொள்ளுங்கள். மழை நின்ற பிறகும் தண்ணீர் நிற்கிற இடம் அது. அதுபோல, மனிதர் யாருக்கும் காய்ச்சல் இல்லாத மாதங்களிலும் ஒரு கிருமி தங்கி நிற்கும் இடத்தை நோய்த்தேக்கம் என்று சொல்லலாம். உண்ணிக் காய்ச்சலில் நோய்த்தேக்கம் முதலில் அந்தப் பூச்சிதான். எலியின் வேலை அதற்குச் சோறு போடுவது. எலி இல்லாவிட்டால் அத்தனை குஞ்சும் வளர்ந்து முட்டை இட முடியாது. எலி பெருகினால் பூச்சி பெருகும். பூச்சி பெருகினால் நமக்கு ஆபத்து பெருகும்.

இந்த வித்தியாசம் படிப்பாளிகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். எலிக்கு மருந்து வைத்து ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் என்ன ஆகும்? புல் நுனியில் காத்திருக்கும் பசித்த குஞ்சுகள் அப்படியே இருக்கும். அந்த வழியாக வரும் அடுத்த உடம்பு களை எடுக்க வரும் நம் பெண்களுடையதாக இருக்கும். அதனால்தான் எலி ஒழிப்பை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள், பூச்சி தங்கும் இடத்தையும் சேர்த்துக் கவனியுங்கள் என்கிறார்கள். பிளேக் காலத்தில் இதே பாடத்தை நம் முன்னோர் வேறு விதமாகக் கற்றார்கள். வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்தார்கள். செத்த எலியை விட்டு இறங்கும் தெள்ளுப்பூச்சி மனிதன்மேல் ஏறும். கோயம்புத்தூரில் இன்றைக்கும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில் அந்தப் பயத்தின் சாட்சி.

புதிய நோயா?

இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் இறங்கிய படைகளை இந்தக் காய்ச்சல் ஆயிரக்கணக்கில் படுக்க வைத்தது. நம் பகுதியில் எப்போதும் இருந்திருக்கும்; பெயர் தெரியாத விஷக்காய்ச்சல் என்று போயிருக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2025-ல் வெளிவந்தது. பாதிப்புள்ள கிராமங்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை இந்தக் கிருமி தொற்றுகிறது என்று அது காட்டியது. பலருக்குத் தெரியாமலே வந்து போய்விடுகிறது. சிலருக்கு நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகிறது. 2024 முடிந்து 2025 பிறக்கும் வேளையில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையும் இந்தக் காய்ச்சலைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. மழைக்குப் பிந்திய குளிர் மாதங்கள்தான் தென்னிந்தியாவில் இதன் பருவம். நம் அறுவடைப் பருவமும் அதேதான்.

என் தோட்டத்தில் எங்கே?

வீட்டம்மா தெளிந்த பிறகு இரண்டு பேரும் தோட்டத்தைச் சுற்றி வந்தோம். எங்கே உட்கார்ந்திருப்பார் என்று அவரே காட்டினார். கிழக்கு உயிர்வேலிக்கும் கேழ்வரகுக் காட்டுக்கும் நடுவில் ஒரு புல் திட்டு. அங்கேதான் விறகை அடுக்கி வைத்திருந்தேன். விறகுக்கு அடியில் எலி வளை. மத்தியானம் நிழலுக்கு அங்கே உட்கார்ந்து கதிர் கிள்ளுவார். ஈரப் புடவையை உயிர்வேலி மேலேயே காயப்போடுவார். புல், விறகு, எலி, ஈரம், மனித உடம்பு: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது நான்தான்.

இந்தப் பூச்சி நிலம் முழுக்கப் பரவி இருப்பதில்லை. அங்கொரு திட்டு, இங்கொரு திட்டு என்று தீவு தீவாக இருக்கும். அதனால்தான் ஒரே ஊரில் ஒரு வீட்டில் மூணு பேருக்கு வருகிறது, அடுத்த வீட்டில் யாருக்கும் இல்லை. இரண்டு விதமான இடம் சந்திக்கும் ஓரம் இதற்குப் பிடிக்கும்: காடும் வயலும் சேரும் இடம், வரப்பும் ஓடையும் சேரும் இடம், பாதையோரப் புல்.

அப்படியென்றால் பக்கத்துக் காட்டுத் தம்பி சொன்ன மாதிரி புதரெல்லாம் வெட்டிக் கொளுத்த வேண்டியதுதானா? அதுவும் சரியான வழி இல்லை. அடர்ந்த காட்டை விட, வெட்டி விட்ட பிறகு மறுபடி முளைத்து வரும் குறும்புதரும் புல்லும்தான் இந்த நோய்க்குப் பேர்போன இடம். ஸ்க்ரப் என்ற பேரே அந்தக் குறும்புதரைக் குறிப்பதுதான். வருசா வருசம் கொளுத்தினால் வருசா வருசம் அதைத்தான் வளர்ப்போம். ரசாயன விவசாயம் செய்கிறவர் வரப்பிலும் புல் உண்டு, எலி உண்டு. அவருக்கும் இந்தக் காய்ச்சல் வரும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மூடாக்கும் உயிர்வேலியும் விறகுக் குவியலும் எலிக்கு நல்ல வீடு. உயிர்கள் வரட்டும் என்று நாம் திறந்த கதவில் இவையும் வரும். எதை எங்கே வைப்பது என்பதில் நமக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

சேற்று வழியாக வரும் காய்ச்சல்

உண்ணிக் காய்ச்சலில் எலி பூச்சிக்குச் சோறு போடுகிறது என்றேன். எலிக்காய்ச்சலில் அப்படி இல்லை. லெப்டோஸ்பைரோசிஸ் என்ற அந்த நோயில் எலியே நோய்த்தேக்கம். கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில், சில நேரம் ஆயுள் முழுக்க, மூத்திரத்தில் கிருமியை விட்டுக்கொண்டே இருக்கும். ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் அது வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். காலில் ஒரு வெடிப்பு, கையில் ஒரு கீறல் போதும். நாற்று நடும்போதும் சேற்றில் இறங்கி மடை திருப்பும்போதும் உள்ளே போய்விடும். வெயிலில் காய்ந்தால் செத்துவிடும்.

அறிகுறிகள் வேறு மாதிரி இருக்கும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட முடியாத வலி, கண் சிவப்பது, முற்றினால் மஞ்சள் காமாலை, மூத்திரம் குறைவது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பெருகியபோது, சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு முன்தடுப்பாக வாரம் ஒரு முறை டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். அது சுகாதாரத் துறையின் கண்காணிப்பில் செய்தது; நாமாக வாங்கிப் போடக் கூடாது.

மாடு வளர்க்கிற நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இந்தக் கிருமி மாட்டுக்கும் வரும். கன்று வீசுதல், திடீரென்று பால் குறைதல் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் இதையும் கேளுங்கள். ஜீவாமிர்தத்துக்கும் பஞ்சகவ்யாவுக்கும் கோமியம் பிடிக்கும்போது கையில் புண் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கோமியத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் கையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

தினைமாவு வழியாக வரும் புழு

மூன்றாவது வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எலியின் குடலில் ஒரு நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டை எலிப் புழுக்கையில் வெளியே வரும். சாமை, தினை மூட்டையில் இருக்கும் மாவு வண்டும் அதன் புழுவும் அந்தப் புழுக்கையைத் தின்னும். வண்டின் உடம்புக்குள் முட்டை வளர்ந்து அடுத்த பருவத்துக்கு வரும். அந்த வண்டை எலி தின்றால் சுற்று முடிந்தது. மறுபடி எலிக் குடலில் நாடாப்புழு. தானியத்தோடு, மாவோடு அந்த வண்டு நம் பிள்ளை வயிற்றுக்குள் போனால் அங்கேயும் புழு வளரும். வயிற்று வலி, பேதி, பசியின்மை என்று இருக்கும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, மாத்திரையில் போய்விடும். ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு நேரடியாகத் தொற்றாது. நடுவில் வண்டு வேண்டும்.

வேகவைத்தால் கவலை இல்லை. ஆனால் நம் மலையில் தேனும் தினைமாவும் பச்சையாகவே பிசைந்து தருவது உண்டு. தினையைப் புடைத்து, வண்டு நீக்கி, நன்றாக வறுத்து இடித்துக் கொடுங்கள். ருசியும் கூடும்.

அப்போ எலியை என்ன செய்வது?

எலி இனப்பெருக்கம் நமக்குத் தெரிந்ததே. மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஆறேழு, சில நேரம் பத்து. அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாயாகும். அதனால் ஒருத்தர் நிலத்தில் மட்டும் பிடித்துப் பயனில்லை. பக்கத்து வரப்பிலிருந்து வந்துவிடும். ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை இது.

அதைக் கோடையில் செய்யுங்கள். வயலில் தீனி இல்லாத காலம், எலியின் பெருக்கம் குறைந்திருக்கும் காலம். புல்லும் காய்ந்திருக்கும். அறுவடை நேரத்தில், ஆள் நடமாட்டம் உள்ள வயலில் மொத்தமாகக் கொல்லப் போகாதீர்கள். வளை தோண்டுவது, தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது, பானைப் பொறி வைப்பது எல்லாம் நமக்குத் தெரிந்த வழிகள். வரப்பை அகலமாக விடாமல் குறுக்கினால் வயல் எலிக்கு வளை தோண்ட இடம் குறையும்.

நஞ்சு வேண்டாம். நஞ்சு தின்று தள்ளாடும் எலியைக் கூகை தூக்கிக்கொண்டு போய்த் தின்றால் கூகையும் சாகும். ஒரு கூகைக் குடும்பத்தைக் கொன்றுவிட்டு எலியை ஒழிக்க முடியாது. வயலில் டி வடிவத்தில் குச்சி நட்டு வையுங்கள். ராத்திரியில் கூகைக்கு அது உட்காரும் இடம். சாரைப்பாம்பைக் கண்டதும் கம்பெடுக்காதீர்கள்.

வளை தோண்டி எலி பிடித்துக் கொடுக்கும் இருளர் மக்களையும் நினைக்க வேண்டும். வெறுங்கையை வளைக்குள் விடுகிற அவர்களுக்குத்தான் இந்த எல்லா நோயும் முதலில் வரும். கூலி கொடுக்கும்போது கையுறையும் கால் உறையும் சேர்த்துக் கொடுங்கள். சோப்பும் தண்ணீரும் வைத்துக் கொடுங்கள். செத்த எலியை யாரும் கையால் தூக்க வேண்டாம். மண்வெட்டியால் தள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

நாங்கள் மாற்றியவை

உயிர்வேலியை வெட்டவில்லை. ஆனால் அதற்கும் நாங்கள் உட்காரும், நடக்கும் இடத்துக்கும் நடுவில் இரண்டடி அகலத்துக்குப் புல்லைக் குறுக வெட்டி, வெயில் படும்படி வைத்திருக்கிறோம். காய்ந்த வெயில் நிலம் இந்தப் பூச்சிக்குப் பிடிக்காது.

மூடாக்கு பயிர் வரிசையில் இருக்கிறது. வீட்டைச் சுற்றியும், களத்து மேட்டிலும் கிடையாது.

விறகு இப்போது வீட்டை விட்டுத் தள்ளி, கல் வைத்த மேடை மேல் இருக்கிறது. அடியில் காற்று ஓடுகிறது, எலி வளை இல்லை.

தானியம் சுவரை விட்டு ஒரு கை தள்ளி, பலகை மேல், மூடி உள்ள தகர டிரம்மில் இருக்கிறது.

புல்லில் நேராக உட்காருவதில்லை. தார்ப்பாயாவது சாக்காவது விரித்துக்கொள்கிறோம். துணியைக் கொடியில்தான் காயப்போடுகிறோம், செடி மேல் போடுவதில்லை. புதர் மறைவில் ஒதுங்குவதையும் விட்டுவிட்டோம். கழிப்பறை இருந்தும் காட்டில் வேலை செய்யும்போது சோம்பல் பட்டதுதான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, காட்டிலிருந்து வந்ததும் போட்டிருந்த துணியைக் கழற்றி வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிப்பது. ஏறிய பூச்சி உடனே கடிப்பதில்லை என்றேன் அல்லவா? அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. அறுப்புக் காலத்தில் சாயங்காலம் களைப்பாக இருக்கும், அப்படியே படுத்துவிடலாம் என்று தோன்றும். படுக்காதீர்கள்.

வேப்பெண்ணெய் தடவினால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். நானும் அதை நம்பியிருந்தவன்தான். ஆனால் அதை மட்டும் நம்பிப் புதரில் இறங்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சுகாதாரத் துறையினர் சொல்வது டீட் கலந்த பூச்சு. அறுப்புக் காலத்தில் காலிலும் இடுப்பிலும் நாங்கள் அதைத்தான் தடவுகிறோம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

கடைசியாக, இந்தக் கட்டுரையில் ஒன்று மட்டும் நினைவில் நிற்குமென்றால் இது நிற்கட்டும்.

ஐப்பசியிலிருந்து மாசி வரை மூன்று நாளைத் தாண்டிக் காய்ச்சல் இருந்தால் கஷாயத்தோடு வீட்டில் உட்காராதீர்கள். கஷாயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கிருமி உடம்பின் செல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் பெனிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள்கூட இதைத் தொடுவதில்லை. என் வீட்டம்மாவுக்குக் கீழே போட்ட ஊசி கேட்காததற்குக் காரணம் அதுதான். டாக்ஸிசைக்ளின் கேட்கும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தால் பலன் அதிகம் என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. தொடக்கத்தில் பிடித்தால் விலை குறைந்த மாத்திரையிலேயே முடிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

போவதற்கு முன்னால் வீட்டிலேயே உடம்பு முழுக்கப் பாருங்கள். பெண்களுக்குப் பெண்கள் பாருங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் இடங்களில்தான் பொருக்கு இருக்கும். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

மருத்துவரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "நான் காட்டுல, வயல்ல வேலை செய்யறவன். எங்க நிலத்துல எலி இருக்குது. புதர்ல புழங்குறேன், சேத்துல இறங்குறேன். இத்தனை நாளா காய்ச்சல். உண்ணிக் காய்ச்சலா, எலிக்காய்ச்சலான்னு பாருங்க."

அந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியை எல்லா மருத்துவரும் கேட்பார்கள் என்று நம்ப முடியாது. கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். நம் தொழில் என்ன என்று சொல்வதில் பாதி வைத்தியம் இருக்கிறது.

இந்த வருசம் கார்த்திகையும் வந்துவிட்டது. வீட்டம்மா கேழ்வரகு அறுப்பில் இருக்கிறார். நிழலுக்குப் பழைய இடத்தில் உட்காருவதில்லை. பலாமரத்தடியில் தார்ப்பாய் விரித்திருக்கிறோம். உயிர்வேலியில் போன வாரம் ஒரு கூகையைப் பார்த்தேன். ராத்திரி அது கத்தும்போது முன்பெல்லாம் அபசகுனம் என்பார் அவர். இப்போது, "வந்துட்டியா, வேலையைப் பாரு" என்கிறார்.